வேப்பிலை கட்டிய குடங்கள்

குழாயடிச் சண்டை என்று யாராவது ஏளனமாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். சட்டசபையில் கூச்சல் போட்டாலும் குழாயடிச் சண்டையாம், ரேஷன் கடையில் முறைத்துக்கொண்டாலும் குழாயடிச் சண்டையாம். இப்படிச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குழாயடியில் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, சொம்பை நீட்டித் தண்ணீர் கேட்டவர்கள். நான் நின்றிருக்கிறேன். அறுபதுகளில், கடலூர் முதுநகரில், ஒரு தெருக்குழாய் அடியில் என் இளவயதில் பாதி போயிருக்கிறது. சண்டையும் போட்டிருக்கிறேன், நன்றாகவே போடுவேன். ஆனால் அங்கே இருந்த ஒழுங்கை அதற்குப் பிறகு எந்த ஆபீசிலும் நான் பார்த்ததில்லை.

நான் பிறந்தது சிதம்பரத்தில். எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு உண்டு, நல்ல தண்ணீர். வாளியை விட்டால் வந்துவிடும். தண்ணீருக்காக எங்கேயாவது நடந்து போவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணமாகிக் கடலூருக்கு வந்த மறுநாள் காலையில் கொல்லைக் கிணற்றில் இறைத்து ஒரு வாய் வைத்தேன். தூ என்று துப்பினேன். உப்பு. கடல் கூப்பிடு தூரம், உப்பனாறு அதைவிடக் கிட்டே, தண்ணீர் பின்னே எப்படி இருக்கும்? அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் மயிர் சிக்குப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்க, கொல்லை கழுவ, அவ்வளவுக்குத்தான் ஆகும்.

என் கணவருக்குக் கீரப்பாளையத்துப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதும் வேலை. சிதம்பரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை ரயிலில் வருவார், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். மாமனார் மாமியார் இருவரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். சொந்த வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது என்று என்னை அங்கே வைத்திருந்தார். அதாவது, நல்ல தண்ணீர் ஊரில் பிறந்த என்னை உப்புத் தண்ணீர் ஊரில் குடிவைத்துவிட்டு, உப்புத் தண்ணீர் ஊரில் பிறந்தவர் என் ஊருக்குப் போய் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இந்த அநியாயத்தை நான் எத்தனையோ சனிக்கிழமைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர்தான். கேப்பர் மலைப் பக்கம் பூமிக்குள்ளிருந்து மோட்டார் வைத்து இறைத்து, உயரத்தில் கட்டிய தொட்டியில் ஏற்றி, அங்கேயிருந்து காலையிலும் சாயங்காலத்திலும் தெருத்தெருவாகத் திறந்து விடுவார்கள். அடேயப்பா, அந்தத் தண்ணீரின் ருசியைச் சும்மா சொல்லக் கூடாது. சிதம்பரத்துக்காரி நானே ஒப்புக்கொள்கிறேன், எங்கள் கிணறு அதற்கு ஒரு படி கீழேதான். மலைப் பக்கம் ஒரு கோவிலுக்குப் போய்வந்தபோது பஸ் ஜன்னல் வழியாக அந்த மோட்டார் கொட்டகையைக் காட்டினார்கள். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டடம். உள்ளே யாரோ ஒரு ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் எழுந்து மோட்டாரைப் போட வேண்டும், தொட்டி நிரம்ப வேண்டும், இன்னொரு ஆள் வந்து வால்வைத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் அடுப்பு. இத்தனை பேர் கையை நம்பி ஒரு ஊரே உலை வைத்தது. அந்த நம்பிக்கை பொய்த்த நாள் அபூர்வம்.

வால்வு திறக்கிறவர் சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாருக்குக் குறுக்கே நீளமான இரும்புச் சாவியைக் கட்டியிருப்பார். தெருமுனையில் பூமிக்குள் ஒரு மூடி இருக்கும். அதைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் திருகுவார். முதலில் குழாயிலிருந்து காற்றுதான் வரும், பெருமூச்சு விடுகிற மாதிரி. பிறகு துருப்பிடித்த செந்தண்ணீர் கொஞ்சம். அதைக் கீழே விட்டுவிட்டுத்தான் முதல் குடம் வைப்போம். குழாயின் தலையை அமுக்கினால்தான் தண்ணீர் விழும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஒருத்தி அமுக்க வேண்டும், இன்னொருத்தி குடத்தைப் பிடிக்க வேண்டும். தனியாளாகத் தண்ணீர் பிடிக்கவே முடியாதபடிதான் அந்தக் குழாயைச் செய்திருந்தார்கள். முந்தின நாள் சண்டை போட்டவர்கள் ஒருவருக்கொருவர் அமுக்கிக்கொடுத்ததை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். ஒருத்தியின் குடத்தை இன்னொருத்தி நகர்த்தக் கூடாது. முறை வரும்போது அவள் வரவில்லையென்றால் குரல் கொடுக்க வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் பின்னால் இருப்பவள் அந்தக் குடத்தையும் நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தன் குடத்தை வைக்கலாம். தொட்டால் தீட்டு என்று வீட்டுக்குள் பார்க்கிறவர்கள்கூட குழாயடியில் அதைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் நின்றுபோகும்.

இந்தச் சட்டத்தையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. நடத்தியவர் பாயம்மா. குழாய்க்கு நேரெதிர் வீடு அவருடையது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றாரென்றால் அதுவரை கிழிந்துகொண்டிருந்த தொண்டைகள் எல்லாம் தானாக அடங்கும். நான் வந்த புதிதில், நான்தான் முதலில் வந்தேன் என்று யாரோடோ மல்லுக்கு நின்றபோது அவர் என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தண்ணி அல்லா குடுத்தது. குழா முனிசிபாலிட்டி குடுத்தது. ரெண்டுலயும் உன் பேரு எழுதல. பின்னால போம்மா."

போனேன். அப்படி என்னைப் போகவைத்தவர்கள் என் வாழ்நாளில் மிகக் குறைவு.

வரிசையை மீற மூன்றே மூன்று வீடுகளுக்குத்தான் உரிமை. பிரசவ வீடு, சாவு வீடு, அம்மை வீடு. முதல் இரண்டுக்கும் அடையாளம் தேவையில்லை, தெருவுக்கே தெரியும். அம்மை வீட்டுக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் பொதுக் குழாயைத் தொடக் கூடாது, வெளியே வரவும் மாட்டார்கள். குடத்தின் கழுத்தில் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டி வாசற்படியில் வைத்துவிடுவார்கள். குழாய்க்கு முதலில் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போய், முதல் தண்ணீரை அதில் பிடித்து, படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். வாய் திறந்து கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். பாயம்மாவே பலமுறை அப்படிக் குடம் சுமந்து போனதைப் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டில் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை இருக்கிறதோ அந்த வீட்டுக்கு ஊரின் முதல் தண்ணீர் போகும். படித்தவர்கள் கூடி யோசித்தாலும் இதைவிட நல்ல சட்டம் ஒன்றைச் செய்துவிட முடியுமா?

நல்ல சட்டம் இருந்தால் அதில் ஓட்டை போட ஒருத்தி இருப்பாள் அல்லவா? எங்கள் தெருவில் அவள் இட்லி அக்கா. என் வீட்டுக்கு எதிர் வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு ஒடிந்து அவள் புருஷன் வீட்டோடு கிடந்தார். காலையில் துறைமுகத்து ஆட்களுக்கு அவள் விற்கிற இட்லி சாம்பாரில்தான் அந்தக் குடும்பம் நடந்தது. தண்ணீர் தாமதமானால் இட்லி தாமதம். ஆட்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் அவளை எனக்குப் பிடிக்காது. நாக்கு அப்படி. என் நாக்கும் சளைத்ததில்லை என்பதால் எங்கள் இருவருக்கும் வாரத்துக்கு ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும்.

அந்தக் கோடையில் தண்ணீர் விடும் நேரம் சுருங்கியது. பூமிக்குள்ளேயே வற்றினால் மோட்டார்தான் என்ன செய்யும்? கோடை என்றால் அம்மையும் வரும். தெருக்கோடி வீட்டில் ஒரு பெண்ணுக்கு வந்தது. வேப்பிலைக் குடம் முறைப்படி முதலில் போயிற்று. அந்தப் பெண் எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த மறுநாள், இட்லி அக்காவின் குடம் வேப்பிலையோடு குழாயடிக்கு வந்தது. குடத்தோடு அவளும் வந்தாள்.

செம்மண்டலத்தில் அவள் தங்கச்சி பிள்ளைக்கு ஆத்தா வந்திருக்கிறதாம். அங்கே எடுத்துப் போக வேண்டுமாம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டார்கள். மறுநாளும் அதே குடம், அதே வேப்பிலை. அதற்கு மறுநாளும். செம்மண்டலம் என்ன பக்கத்துத் தெருவா? இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? குடம் நேராக அவள் வீட்டுக்குள் போனதையும், அரை மணியில் இட்லிப் பானையில் ஆவி பறந்ததையும் எதிர் வீட்டிலிருந்து நான் பார்த்தேன். பார்த்ததை எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஆத்தாவைச் சந்தேகப்பட்டால் கண் அவிந்துபோகும் என்று என்னையே திருப்பிப் பயமுறுத்தினாள். பக்கத்தில் நின்றவர்களும் அவள் பக்கம்தான். சாமி விஷயம், வாயை மூடு என்றார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் எனக்கு வந்தது கோபம், மற்றவர்களுக்கு வந்தது யோசனை. அடுத்த வாரம் இன்னொருத்தி குடத்தில் வேப்பிலை, கிள்ளையில் அவள் கொழுந்தனாருக்கு அம்மையாம். அதற்கடுத்தவளுக்குச் சிதம்பரத்தில் சித்தப்பா. இன்னொருத்திக்குப் பண்ருட்டியில் நாத்தனார். தென்னாற்காடு ஜில்லா முழுக்க அம்மை, எங்கள் தெருவில் மட்டும் ஒருவருக்கும் இல்லை. தெருமுனை வேப்பமரத்தில் கைக்கு எட்டும் உயரம்வரை ஒரு இலை கிடையாது.

பிறகு ஒருநாள் காலை பார்த்தால் அநேகமாக எல்லாக் குடத்திலும் வேப்பிலை. என் குடம், பாயம்மா குடம், இன்னும் ஒன்றிரண்டு மட்டும் மொட்டையாக நின்றன. எல்லோரும் முதல் என்றால் யார் முதல்? பெரியம்மைக்கு முதல் தண்ணீர், சின்னம்மை பின்னால் என்றாள் ஒருத்தி. வயசில் பெரியவர்களுக்கு வந்த அம்மை முதலில் என்றாள் இன்னொருத்தி. தன் சித்தப்பாவுக்குக் கண்ணிலேயே போட்டிருக்கிறது என்று மூன்றாமவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்ததற்காக என்னோடு தனியாக ஒரு சண்டை நடந்தது.

இந்தக் கூத்து நடக்கும்போதுதான் வால்வு திறக்கிறவர், தண்ணீர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தெருவுக்குள் சைக்கிளை விட்டார். குழாயடியில் வேப்பிலைக் குடங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தார். மனுஷன் முகம் வெளிறிப்போயிற்று. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மிதித்தார் பாருங்கள், அந்த இரும்புச் சாவி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் போனார்.

வெயில் ஏறுவதற்குள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கூடவே அம்மை குத்துகிறவர்கள், பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு இரண்டு ஆட்கள். ஒரு தெருவே அம்மையில் கிடக்கிறது என்று சேதி போனால் சும்மா இருப்பார்களா? எந்தெந்த வீடு என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வீடு வீடாக நுழைந்து பார்த்தார். ஒரு காய்ச்சல்காரர்கூட இல்லை. இட்லி அக்காவின் புருஷன் மட்டும் படுத்திருந்தார், அது முதுகு. பிறகு அந்தக் குடங்களில் வேப்பிலை எதற்கு என்று கேட்டார். கடைசியில் பாயம்மா முன்னால் வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அந்த இன்ஸ்பெக்டரை நான் இன்றைக்கும் மெச்சுவேன். வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பார், குழாயையே பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டியிருப்பார். இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வந்தது வந்துவிட்டோம், எல்லோரும் கையை நீட்டுங்கள் என்றார். அவ்வளவுதான். முதலில் பாயம்மா கையை நீட்டினார். அவர் நீட்டியபின் யார் மறுக்க முடியும்? மருந்தைத் தொட்டு ஊசியைத் தோலில் வைத்துத் திருகுவார்கள், எரியும். இட்லி அக்கா கொல்லையில் விறகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான்தான் காட்டிக்கொடுத்தேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நல்லதைத்தானே செய்தேன். ஊசி போட்டவர் கையில் திருகும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அன்று சாயங்காலமே பாயம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனிமேல் வேப்பிலைக்கு முதலிடம் கிடையாது. வேப்பிலை கட்டிய குடம் எதுவானாலும் வரிசையில் கடைசி. எல்லோரும் வீங்கிய கையைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்கள். அந்தக் கோபத்தில் அது நியாயமாகத்தான் தெரிந்தது. தெரு இரண்டு நாளில் பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்தபோது என் மகள் கடலூரில் இல்லை. பள்ளிக்கூடம் சேர்க்காத வயசு. கோடைக்குச் சிதம்பரத்தில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தேன். அதனால் தெருவில் எல்லோருக்கும் போட்ட ஊசி அவளுக்கு இல்லாமல் போயிற்று. அடுத்த சனிக்கிழமை என் கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஞாயிறு சாயங்காலம் அவர் ரயிலேறும்வரை அவள் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். மறுநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. அதற்கு மறுநாள் விடிந்தபோது நெற்றியிலும் மார்பிலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது.

பெரியம்மையா சின்னம்மையா, எனக்குத் தெரியவில்லை. பெரியம்மை என்றால் அந்தக் காலத்தில் பிள்ளை தங்குமா என்பதே நிச்சயமில்லை, தங்கினாலும் கண் தங்குமா என்று சொல்ல முடியாது. வீட்டில் நானும் அவளும் மட்டும். அவள் தண்ணி தண்ணி என்று முனகிக்கொண்டே இருந்தாள். முந்தின நாள் பிடித்த தண்ணீர் பானையின் அடியில் ஒரு சொம்புக்குமேல் இல்லை. வேப்பமரத்தில் எட்டாத கிளையைத் துரட்டியால் இழுத்து ஒரு கொத்து ஒடித்தேன். குடத்தில் கட்டி வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

குழாயில் காற்று வந்தது. தண்ணீர் வந்தது. குடங்கள் போயின, நிறைந்து திரும்பின. என் குடம் வைத்தது வைத்தபடி இருந்தது. வாசலைக் கடந்த ஒருத்தி அதைப் பார்த்து, "பாருடி, இவளும் ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். ஜன்னல் வழியாகக் கத்தினேன், நிஜமாகவே என் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று. வேப்பிலைக்காரிகளை நான் எப்படியெல்லாம் கிழித்திருந்தேன் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. நீயுமா என்று கேலி செய்தார்கள். சட்டப்படி என் குடம் கடைசி. கடைசிக் குடத்துக்கு முறை வருமுன் தண்ணீர் நின்றுவிட்டது. அவர்களை எப்படிக் குறை சொல்வது? பொய்யைக் கேட்டுக் கேட்டு ஏமாந்தவர்கள் அவர்கள்.

கதவைத் திறந்துகொண்டு ஓடி, எல்லாக் குடத்தையும் எட்டி உதைத்துவிட்டு ஒரு குடம் பிடித்திருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் சரி. ஆனால் நான் அமுக்கும் குழாயை அடுத்து அமுக்கப்போகிறவளின் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. அம்மைப் பிள்ளையைத் தொட்ட இந்தக் கையோடு எப்படிப் போவேன்? வாசற்படிவரை போனேன், திரும்பி வந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் அந்த ஒரு சொம்பும் தீர்ந்தது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்துப் பார்த்தேன். உதடெல்லாம் புண், உப்புப் பட்டதும் வீறிட்டாள், குடித்த இரண்டு வாயையும் கக்கிவிட்டாள். என் கணவரிடம் சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை. அந்தச் சாயங்காலத் தண்ணீரும் கிடைக்கவில்லையென்றால் என் பிள்ளை என்ன ஆவாள்? மாரியாத்தாளைக் கும்பிட்டேன், திட்டினேன், மறுபடி கும்பிட்டேன்.

சாயங்காலத் தண்ணீர் வர ஆரம்பித்தது. இட்லி அக்கா குடத்தோடு அவள் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். என் வாசலில் இருந்த வேப்பிலைக் குடத்தைப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. என் அடுக்களை ஜன்னல் பக்கமாக வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு தன் குடத்தை என் படியிலேயே வைத்துவிட்டு, என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தேன். வரிசையைத் தாண்டி நேராகப் போய் என் குடத்தைக் குழாய்க்குக் கீழே நிற்கிற குடத்தோடு இடித்து நிறுத்தினாள். சத்தம் வெடித்தது. ஏற்கெனவே ஊரை ஏமாற்றியவள், மறுபடியும் வேப்பிலைக் குடத்தோடு வந்தால் விடுவார்களா? ஒருத்தி குடத்தைப் பிடித்து இழுத்தாள். இவள் விடவில்லை. பாயம்மா இறங்கி வந்தார். ஏதோ கேட்டார். இவள் என் பக்கம் முதுகு காட்டி நின்று ஏதோ சொன்னாள், நீளமாக இல்லை. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் இழுத்தவள் கையை எடுத்துவிட்டாள்.

குழாய்க்குக் கீழே பாதி நிறைந்து நின்றது பாயம்மாவின் குடம். அதை அவரே எடுத்துத் தரையில் வைத்தார். என் குடத்தை அந்த இடத்தில் வைத்து, தன் கையால் குழாயை அமுக்கினார்.

நிறைந்த குடத்தை இட்லி அக்கா படியில் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வரவில்லை. சொம்பில் மொண்டு பிள்ளையின் வாயில் வைத்தேன். கண்ணைத் திறக்காமலேயே குடித்தாள். குடிக்கக் குடிக்க அவள் தொண்டை அசைவதைப் பார்த்து நான் அழுதேன். அப்படி நான் அழுதது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாளிலிருந்து தெருவின் முதல் குடம் என் குடம். சேதி போய் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்து, சின்னம்மைதான், பயப்பட வேண்டாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. பாயம்மா இளநீர் அனுப்பினார். வால்வு திறக்கிறவர் காதிலும் யாரோ போட்டிருக்கிறார்கள். அந்த வாரம் எங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக நின்றது என்று எல்லோரும் சொன்னார்கள். அவரிடம் கேட்டதற்கு, சாவி இறுகிக்கொண்டது, உடனே மூட வரவில்லை என்றாராம். ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது மோட்டாரும் தொட்டியும் மட்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சனிக்கிழமை என் கணவர் வந்து, விஷயம் தெரிந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். முத்துக்கள் வாடி உதிர்ந்தபின் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று விட்டுவிட்டு மூன்று முறை ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்துக் காய்ந்த தண்ணீர். அந்த மூன்று முறையும் என் வாசலில் யார் யார் குடமோ வந்து உட்கார்ந்திருந்தது. எந்தக் குடம் யாருடையது என்று திருப்பிக் கொடுக்கும்போதுதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை, நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். எல்லோரும் பிள்ளையை விசாரித்தார்கள். பாயம்மா ஒரு புதுத் தீர்ப்புச் சொல்லியிருந்தார். வேப்பிலைக் குடத்துக்கு மறுபடியும் முதலிடம். ஆனால் அது நிஜமா என்று இட்லி அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் சொன்னால் தெரு ஒத்துக்கொள்ளும். திருடியையே காவலுக்கு வைத்த இந்தக் கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் அன்று தாமதமாகத்தான் வந்தாள். நான் அவளை மறித்துக்கொண்டு கேட்டேன். ஊரே என்னை நம்பாதபோது நீ மட்டும் எப்படி நம்பினாய், அதுவும் உன்னை ஊசிக்காரரிடம் பிடித்துக் கொடுத்தவளை?

"உன்னை எவடி நம்புனா?" என்றாள். "உன் அடுப்பத்தான் நம்புனேன். ஆத்தா இருக்கிற வூட்டுல எண்ண காயக் கூடாது, தாளிக்கக் கூடாது. அன்னைக்கு விடிஞ்சதுலேருந்து உன் வூட்டுல ஒரு கடுகு வெடிக்கல. ஜன்னலாண்ட வந்து நின்னு பாத்தேன், வெங்காய வாசன இல்ல, மொளகா வாசன இல்ல. நான் வேப்பில கட்டினப்ப ஒரு நாளு தாளிக்காம இருந்தனா? இவளுங்கள்ல எவளாவது இருந்தாளுங்களா? பொய்க்கு வேப்பில கட்றவ வாயக் கட்ட மாட்டாடி."

சொல்லிவிட்டு, தன் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் கடைசியாக வைத்தாள்.